கையெழுத்து வைக்க முன் வாசி, பிள்ளை

கிளிநொச்சி

அன்புள்ள மகளுக்கு,

வெள்ளவத்தையில் இரண்டு தொடர்மாடி வீடுகள் பார்த்து வைத்திருக்கிறாய் என்றும், ஒன்றுக்கு இந்தக் கிழமைக்குள் அட்வான்ஸ் கட்டச் சொல்லித் தரகர் நெருக்குகிறார் என்றும் அம்மா சொன்னா. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதுதான் எழுதுகிறேன். பேப்பரைப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதே. "நாளைக்கு வேறு ஆள் வந்துவிடும்" என்றால் வரட்டும், கொழும்பில் வீட்டுக்குப் பஞ்சமில்லை.

எங்கள் பக்கத்துச் சனம் வாடகைக்கு இருந்து பழகியது குறைவு. கனபேர் இருப்பது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியில். இடம்பெயர்ந்து திரிந்த காலத்திலும் தெரிந்தவர்களின் வளவில் கொட்டில் போட்டுத்தான் இருந்தோம், யாரும் எங்களிடம் வாடகை கேட்கவில்லை. அதனால் முகத்தைப் பார்த்து நம்பிக் காசு கொடுப்பது எங்களுக்கு இயல்பாக வந்துவிடுகிறது. நொத்தாரிசின் அலுவலகத்தில் காணி, வீட்டு உறுதிப் பத்திரம் எழுதுகிற எனக்கு, அப்படிக் கொடுத்துவிட்டு வந்து நிற்பவர்களைத் தெரியும். தருமபுரத்துப் பெடியன் ஒருவன் ஆறு மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடிபோனான். காசை வாங்கினவரே அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர். சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்து கதவைத் தட்டினபோதுதான் பெடியனுக்கு விஷயம் விளங்கியது.

ஆகவே முதலில் உறுதியின் பிரதியைக் கேள். அதிலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒன்றா என்று பார். சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருந்து, இங்கே மச்சானோ மாமாவோ வீட்டைப் பார்க்கிறார் என்றால் சொந்தக்காரர் தன் சார்பில் நடக்க அதிகாரம் எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவம் இருக்க வேண்டும், அதில் வாடகைக்குக் கொடுக்கும் அதிகாரமும் எழுதியிருக்க வேண்டும். கேட்டால் கோபிப்பார்களோ என்று யோசிக்காதே. நேர்மையான வீட்டுக்காரர் கோபிக்கமாட்டார். காசைச் சொந்தக்காரரின் வங்கிக் கணக்கில் போட்டு, சிட்டையைப் பத்திரமாக வை.

அடுத்தது ஒப்பந்தம். கடையில் முத்திரை ஒட்டின தாளை வாங்கி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நொத்தாரிசின் செலவை யார் கொடுப்பது என்று முதலே பேசிக்கொள். ஒப்பந்தம் சிங்களத்தில் இருந்தால் உனக்கு விளங்குகிற மொழியில் தரச் சொல். தலையாட்டிக்கொண்டு கையெழுத்து வைக்காதே.

அட்வான்ஸில் இரண்டு வகை உண்டு, ஒப்பந்தத்தில் எந்த வகை என்று சொல்லாமல் விட்டால் பிறகு சண்டைதான். ஒன்று வாடகையில் கழிபடும் காசு. வாடகை 60,000 ரூபாய், ஆறு மாத அட்வான்ஸ் 360,000 என்று வைத்துக்கொள். மாதம் பாதி கழிப்பதென்றால் நீ கையில் கொடுப்பது 30,000, பன்னிரண்டு மாதத்தில் அட்வான்ஸ் முடிந்துவிடும். நீ ஒன்பதாம் மாதம் வேலை மாறி வெளியேறினால் மிச்சம் 90,000 திரும்ப வருமா, எத்தனை நாளில் வரும், எத்தனை மாதத்துக்கு முன் அறிவிக்க வேண்டும்? இவ்வளவும் எழுத்தில் வேண்டும். மற்றது போகும்போது திருப்பித் தரும் வைப்புப் பணம். அதில் பெயின்ட் அடிக்க, குழாய் மாற்ற என்று வெட்டுவார்கள். "வழமையான தேய்மானம் தவிர" என்ற மூன்று சொல்லைச் சேர்க்கச் சொல். குடிபோகும் நாளில் சுவர், கதவு, குளியலறை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடு.

கரண்ட் மீற்றரை நீயே போய்ப் பார். உன் வீட்டுக்குத் தனி மீற்றரா, அல்லது பிரதான மீற்றரில் இருந்து பிரித்துக் கொடுத்த சின்ன மீற்றரா என்று கேள். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும் முறை எங்கள் நாட்டில். நான்கு வீடு ஒரே மீற்றரில் ஓடினால், நீ ஒரு மின்விசிறியும் ஒரு பிரிட்ஜும் பாவித்தாலும் ஏசி போடுகிறவனின் விலைதான் உனக்கும்.

தரகர் வெயில் நேரத்தில்தான் வீடு காட்டுவார். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அங்கே வைகாசியிலேயே தென்மேற்குக் காற்றோடு கடல் பக்கத்திலிருந்து அடிக்கும். மேற்குச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே கையை வைத்துப் பார், பெயின்ட் பொருமியிருந்தால் தண்ணீர் இறங்குகிறது. சமையலறை அலுமாரிக் கதவைத் திறந்து கீழ்ப்பலகையை அமத்திப் பார். மரைன் டிரைவ் பக்கம் என்றால் ஜன்னல் கம்பியில் உப்புக் காற்றின் துரு இருக்கும், ரயில் சத்தமும் இருக்கும். இரவில் ஒருக்கா போய் நின்று கேட்டால் நல்லது.

மாடி வீட்டில் லிஃப்டும் தண்ணீர்ப் பம்பும் கரண்டில்தான் ஓடும். 2022 பங்குனி கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். ஜெனரேட்டர் பம்பையும் இயக்குமா, லிஃப்டுக்கு மட்டுமா என்று கேள். மாதப் பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள்ளா வெளியிலா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்.

பொலிஸ் பதிவைத் தள்ளிப் போடாதே. வீட்டில் இருப்பவர்களின் விபரப் படிவம் கேட்டால் வீட்டுக்காரர் மூலம் நிரப்பிக் கொடுத்துப் பிரதி ஒன்று வைத்திரு. 2007 ஜூன் மாதம் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்களைக் காரணம் இல்லாமல் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. அந்தக் காலம் போய்விட்டது, ஆனாலும் உன் பெயரில் ஒரு சரியான ஒப்பந்தம் இருந்தால் எனக்கு நித்திரை வரும்.

ஒப்பந்த வரைவைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் எங்கள் நொத்தாரிசு ஐயாவிடமும் காட்டிவிட்டுச் சனிக்கிழமை சொல்கிறேன். எல்லாப் பக்கமும் வேண்டும், வீட்டின் விபரம் எழுதிய அட்டவணைப் பக்கத்தையும் விடாதே.

அன்புடன்,
அப்பா