எறும்புக் கதை புத்தகமாகிவிட்டது

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

என் எறும்புக் கதை அச்சாகி வந்துவிட்டது. 32 பக்கங்கள். அச்சுத்தாளை மடித்து வெட்டினால் பக்கங்கள் எட்டு, பதினாறு என்றுதான் சேரும். அதனால் பெரும்பாலான படக்கதைப் புத்தகங்கள் இந்த அளவில்தான் வருகின்றன. தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போகக் கதைக்குக் கிடைப்பது கொஞ்ச இடமே. வளவளவென்று எழுத வழியில்லை. எனக்கு அது பிடித்தே இருந்தது.

போன வாரம் ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டினேன். சர்க்கரைத் துணுக்கைத் தூக்கிப்போகும் எறும்பு, மழையில் வாசனைத் தடம் அழிந்துபோக, வழி தெரியாமல் அலைகிறது. "இனி எப்படிப் போகும்?" என்ற வரி வலப்பக்கத்தின் அடியில் இருக்கிறது. அங்கே பக்கத்தைத் திருப்பாமல் சற்று நிறுத்தினேன். உடனே ஆளாளுக்கு வழி சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒரு சிறுமி மட்டும் எழுந்து வந்து, படத்தின் மூலையில் இருந்த சிவப்பு வண்டைத் தொட்டு, "இது முதல் பக்கத்திலிருந்தே கூட வருகிறதே, இதற்கு வழி தெரியும்" என்றாள். அந்த வண்டு நான் எழுதிய கதையில் இல்லை! படம் வரைந்தவர் தாமாகச் சேர்த்தது. நாம் எழுத்தின் மேல் ஓடிவிடுகிறோம்; எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் கண் முழுவதும் படத்தில்தான் இருக்கிறது. அதன்பிறகு அது வண்டின் கதையாகிவிட்டது. நான் மறுக்கவில்லை. எதற்கு மறுக்க வேண்டும்?

முடிந்ததும் கூட இருந்த ஒருவர், "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டார். அதுவரை கலகலவென்றிருந்த பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். குழந்தைகளிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கக் கூடாது, நண்பா. கதை கேட்ட சந்தோஷத்தை அது பரீட்சையாக்கிவிடுகிறது. "மறுபடியும் வாசியுங்கள்" என்று ஒரு பையன் கேட்ட பிறகுதான் என் மனம் ஆறியது.

பேத்திக்குக் கடிதத்தில் எழுதும் கதைகளை நீ ஏன் புத்தகமாக்கக் கூடாது? ஆங்கிலேயக் குழந்தை எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டரின் முயல் கதையும் 1893இல் நோயுற்ற ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதம்தான். பதிப்பாளர்கள் மறுத்தபோது, 1901இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். நீயும் முதலில் தாள்களை மடித்துத் தைத்து ஒரு மாதிரிப் புத்தகம் செய்து, உன்னை அறியாத பிள்ளைகளிடம் வாசித்துப் பார். பேத்தி தாத்தாவுக்காகவே சிரிப்பாள். மற்றவர்கள் அலுத்தால் எழுந்து போய்விடுவார்கள். எந்தப் பக்கத்தில் எழுகிறார்களோ, அதைத் திருத்தி எழுது.

என் புத்தகத்தின் ஒரு பிரதியைத் தனியே அனுப்பியிருக்கிறேன். உன் கைப்பிரதிக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்