அந்தப் பாலத்தை எங்கே விட்டீர்கள்?

ஸ்காட்லாந்தைப் படமாக்கும் ஹாலிவுட் தயாரிப்பாளர்களுக்கும் கதாசிரியர்களுக்கும்,

வணக்கம். ஸ்காட்டிய வீரனுக்கு உங்களிடம் ஒரே அச்சுதான் இருக்கிறது: சிக்குப் பிடித்த முடி, கட்டம் போட்ட கில்ட் என்னும் பாவாடை, தொண்டை கிழியும் கூச்சல். 1995இல் வந்த 'பிரேவ்ஹார்ட்' சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் விருதுகளை அள்ளியதும் அந்த அச்சு இறுகிவிட்டது. குழந்தைகளுக்காக 2012இல் எடுத்த 'பிரேவ்' படத்திலும் குலத் தலைவர்கள் அரண்மனைக் கூடத்திலேயே கைகலக்கிறார்கள்.

'பிரேவ்ஹார்ட்' நாயகன், ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட வில்லியம் வாலஸ் காலத்தில் கில்ட் கிடையாது. அது வர ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆகும். முகத்தில் அப்பிய நீலச்சாயமோ அவருக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. உடைத் தவறுகளையாவது சினிமா என்று விட்டுவிடலாம். 1297 செப்டம்பர் 11 அன்று ஸ்டர்லிங்கில் நடந்ததை அப்படி விட முடியவில்லை.

அங்கே ஒரு குறுகிய மரப்பாலம் இருந்தது. இரண்டு குதிரைகள்தான் அருகருகே போகலாம். தாண்டினால் சதுப்பு நிலம். வாலஸும் அவரோடு சேர்ந்து படை நடத்திய ஆண்ட்ரூ மரேயும் மேட்டில் காத்திருந்தார்கள். ஆங்கிலப் படையின் ஒரு பகுதி கடந்து வரும்வரை பொறுத்திருந்து, பாலத்து முனையை அடைத்துக்கொண்டு தாக்கினார்கள். ஆற்றையும் சேற்றையும் எண்ணிக்கையையும் கணக்குப் போட்டுப் பெற்ற வெற்றி அது. உங்கள் படத்தில் பாலமே இல்லை. வெட்டவெளியில் வீராவேசப் பேச்சு, பிறகு ஓட்டம். மரேயும் இல்லை. அந்தப் போருக்குப் பின் சில மாதங்களுக்குள் அவர் இறந்துபோனார்; காயம்தான் காரணம் என்பது பொதுவான கருத்து. அப்படிப்பட்டவருக்கு ஒரு காட்சியைக்கூட ஒதுக்க மனம் வரவில்லையா?

இன்னொன்று. வென்ற ஒரு மாதத்தில், அக்டோபர் 11 அன்று, இருவர் பெயரிலும் ஹாடிங்டனிலிருந்து ஜெர்மன் வணிக நகரங்களான லூபெக்குக்கும் ஹம்பர்க்குக்கும் லத்தீனில் ஒரு கடிதம் போனது. ஆங்கிலேயரிடமிருந்து நாட்டை மீட்டுவிட்டோம், எங்கள் துறைமுகங்களுக்கு உங்கள் சரக்கோடு அச்சமின்றி வரலாம் என்கிறது அது. தங்கள் வணிகர் இருவரின் காரியத்துக்கு உதவும்படியும் கேட்கிறது. பிணங்களைப் புதைத்த கையோடு துறைமுக வருமானத்தை யோசித்த மனிதர்கள்! திரையில் இவர்களைப் பார்க்க ஆசைப்படுகிறேன். நீங்களோ, 1305இல் வாலஸ் கொல்லப்பட்டபோது பிரான்ஸில் சுமார் பத்து வயதுச் சிறுமியாக இருந்த இளவரசி இசபெல்லாவை அவருக்குக் காதலியாக்கினீர்கள்.

பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரியவர்களை அரசுப் படை முறியடித்த 1746 கலோடன் போரையும் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த சண்டையாகவே காட்டுவது உங்களில் பலருக்கு வழக்கம். அங்கே அரசுப் படையிலும் ஸ்காட்டியர்கள் நின்றார்கள். சகோதரச் சண்டையைவிடப் பெரிய கதை வேறென்ன வேண்டும்?

எங்கள் பக்கத்திலும் ஒரு ஸ்காட்டியர் உண்டு. லூயிஸ் தீவின் ஸ்டார்னவேயில் பிறந்த காலின் மெக்கன்சி, தென்னிந்தியாவை அளந்துகொண்டே சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் திரட்டினார். அவற்றில் ஒரு பங்கு இன்றும் சென்னையில் இருக்கிறது. அவரும் படைக்காரர்தான், மதராஸ் பொறியாளர் பிரிவு. கூச்சல் போட்டதாக எங்கும் படித்ததில்லை.

அடுத்த வாலஸ் படத்துக்குப் பாலத்தைக் கட்டுங்கள், மரேயை அழைத்து வாருங்கள், அந்தக் கடிதத்தை எழுதிய எழுத்தருக்கும் நான்கு வரி வசனம் கொடுங்கள். டிக்கெட் வாங்க நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ரசிகன்