அம்மிணிக்கு, பிக்கப் வாங்குவதற்கு முன்

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால்வலி பரவாயில்லை. உன் எலெக்ட்ரிக் கிட்டார் சத்தம் சோகையாக இருக்கிறது, காதைக் கிழிக்கிறது, இரைச்சல் வேறு என்று பிக்கப்பை மாற்றப் பார்க்கிறாய். கிட்டார்க் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குவது அதுதான், காந்தத்தைச் சுற்றி மெலிசான செம்புக் கம்பி சுற்றியிருக்கும். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று பிக்கப்புகளின் விவரத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். மூன்றிலும் நீ சிவப்பு வட்டம் போட்டிருப்பது ஓம் எண்ணுக்கு, அதாவது மின்தடைக்கு. கிட்டாரில் இப்போது இருப்பது 6 கிலோ ஓம், வாங்கப்போவது 16 கிலோ ஓம், அப்படியென்றால் சத்தம் இரண்டரை மடங்கு வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடை வைத்து மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டிச் சோறு தின்ற வீட்டுப் பிள்ளை ஓம் எண்ணைப் பார்த்து மயங்கலாமா? சுற்றிய கம்பி எவ்வளவு நீளம், எவ்வளவு மெலிசு என்பதை மட்டும்தான் அது சொல்லும். பிக்கப்பில் வழக்கமாகச் சுற்றுவது அமெரிக்க அளவில் 42 நம்பர் எனாமல் கம்பி, குறுக்களவு 0.063 மி.மீ. நம் கடைக் கணக்கில் 46 நம்பருக்குப் பக்கத்தில் வரும். அதே சுற்றுகளை 43 நம்பரில் போட்டால் 0.056 மி.மீ. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் மீட்டர் கால் பங்கு கூடுதலாகக் காட்டும். சத்தம் அந்த அளவுக்கு ஏறுமா என்றால் ஏறாது. இன்னொன்று, செம்பு சூடானாலும் ஓம் ஏறும். டொராண்டோவில் உன் அறையில் 20 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டும் காயில், இங்கே சித்திரை மாதத்து மத்தியானத்தில் எட்டரை காட்டும். அதற்காகக் கோயம்புத்தூரில் வாசித்தால் பலமாகக் கேட்கும் என்று யாரும் சொல்வதில்லை.

பலம் வருவது சுற்று எண்ணிக்கையிலும், காந்தத்திலும், நீ மீட்டும் கம்பிக்கும் காந்தத்துக்கும் இடையே விடும் இடைவெளியிலும். சுற்றைக் கூட்டினால் சத்தம் கூடும், ஆனால் மேல் சுருதியின் பளபளப்பு போய்விடும். சுற்று கூடக் கூட இண்டக்டன்ஸ் (காயிலின் மின்தூண்டல்) ஏறி, பிக்கப் மிகப் பலமாக ஒலிக்கும் உச்ச அதிர்வெண் கீழே இறங்குவதுதான் காரணம். 16 கிலோ ஓம் பிக்கப்புகள் பெரும்பாலும் ஆம்பிளிஃபையரை நன்றாக உறும வைப்பதற்காகச் செய்தவை. நீ சனிக்கிழமை நண்பர்களோடு வாசிப்பதை வீடியோவில் பார்க்கிறேனே, முக்கால்வாசி நேரம் தெளிவான சத்தம்தான் வைத்திருக்கிறாய். உனக்கு எதற்கு அவ்வளவு சுற்று?

அதனால் காசைக் கையில் எடுக்கும் முன் இரண்டு வேலை செய். பிக்கப்பின் இரண்டு பக்கமும் இருக்கும் திருகுகளைப் பார். கடைசி ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காந்த முனைக்கும் கம்பியின் அடிக்கும் நடுவில் அளந்து பார். மெலிசுக் கம்பிப் பக்கம் சுமாராக 2 மி.மீ., தடிக் கம்பிப் பக்கம் இரண்டரை. கம்பி உடலில் முடியும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை இன்னும் கொஞ்சம் ஏற்றலாம், அங்கே கம்பி அதிகம் ஆடாது. கழுத்தை ஒட்டிய நெக் பக்கத்தில் மட்டும் ஏற்றாதே. காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்து, தடிக் கம்பிகள் சுருதி விலகியது போல அலையும். நீ "சோகை" என்று சொல்வதில் பாதி இந்தத் திருகிலேயே தீர்ந்துவிடலாம்.

இரண்டாவது, பிரிட்ஜ் பிக்கப்பில் வைத்துக்கொண்டு டோன் கண்ட்ரோல் இரண்டையும் முழுக்கத் திருப்பிப் பார். சத்தம் மாறவே இல்லையா? உன்னுடையது போன்ற ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) கிட்டாரின் பழைய வயரிங்கில் ஒரு டோன் நெக்குக்கு, இன்னொன்று நடுப் பிக்கப்புக்கு. பிரிட்ஜுக்கு ஒன்றுமே கிடையாது. 1954-இல் லியோ ஃபெண்டர் கம்பெனி அப்படி விட்டது, இன்றைக்கும் பல பேர் அப்படியேதான் விற்கிறார்கள். காதைக் கிழிக்கிறது என்று நீ சொல்வது அதனால்தான் இருக்கும். ஸ்விட்சில் பிரிட்ஜின் காலிலிருந்து நடு டோனின் காலுக்கு ஒரு துண்டு வயர் சால்டர் வைத்தால் போதும். இதற்கு எந்தக் கம்பெனிப் பெட்டியும் வாங்க வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் இரைச்சல் போகாது என்பாய். சரி, அது வேறு கதை. போன தடவை வந்தபோது கடையில் உட்கார்ந்து வாசித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? டெஸ்ட் மேசையில் ஐந்து ஹெச்பி மோட்டாரை ஓடவிட்டதும் உன் ஆம்பிளிஃபையர் ஊய் என்று கத்த ஆரம்பித்தது. நீ நாற்காலியோடு பக்கவாட்டில் திரும்பினாய், பாதியாக அடங்கியது. இன்னும் கொஞ்சம் திரும்பியதும் ஏறக்குறைய நின்றேவிட்டது. அந்தச் சோதனையை உன் அறையிலும் செய்து பார். கிட்டாரைத் திருப்பத் திருப்ப இரைச்சல் ஏறி இறங்கினால் அது காந்தப் புலத்தால் வருவது. உள்ளே செம்புத் தகடு ஒட்டினாலும் அது போகாது, ஹம்பக்கர் என்ற வகைப் பிக்கப் போட்டால்தான் போகும். திருப்பினாலும் மாறாமல், கம்பியைத் தொட்டவுடன் குறைகிற ர்ர்ர் சத்தம் என்றால் தகடு ஒட்டுவதே நல்ல வைத்தியம். தொட்டால் கூடுகிறது என்றால் எர்த் எங்கோ விட்டிருக்கிறது, அல்லது வயர் மாறியிருக்கிறது. முதலில் அதைப் பார். (டொராண்டோவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. உன் அறை இரைச்சல் நம் கடை இரைச்சலுக்குச் சாதாரண காந்தாரத்தில் நிற்கும். பாட்டு டீச்சரிடம் சொல்லிப் பார், சிரிப்பார்.)

ஹம்பக்கர் என்பது இரண்டு காயில். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் வேலை செய்யும்படி இணைத்து, காந்தத்தையும் தலைகீழாக வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து அழிந்துவிடும், கம்பியின் சத்தம் மட்டும் சேர்ந்து வரும். கிப்சன் கம்பெனியில் செத் லவர் 1955-இல் இதற்குக் காப்புரிமை கேட்டார், கிடைத்தது 1959-இல். அந்தக் காலத்தில் "விண்ணப்பித்திருக்கிறோம்" என்று ஸ்டிக்கர் ஒட்டி வந்த பிக்கப்புகளுக்கு இன்று கொள்ளை விலை. அவற்றில் சுற்று எண்ணிக்கை ஒன்றுக்கொன்று சரியாக ஒத்துப்போகாது, அதுதான் அழகு என்கிறார்கள். நம் கடையில் சுற்று மாறினால் மோட்டார் புகைந்து, தோட்டத்துக்காரர் காலையில் வாசலில் நிற்பார்!

எனக்கு இவ்வளவு தெரிவது புத்தகம் படித்து இல்லை. ஆர்கெஸ்ட்ராப் பையன்கள் செத்துப்போன பிக்கப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் காயில் தொடங்கும் இடத்தில் கம்பி பச்சை பூத்து அறுந்திருக்கும். பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டும்போது மேலே ஃபேனை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்றிலேயே கம்பி அறுந்துவிடும். ஏழாயிரத்துச் சொச்சம், எட்டாயிரம் சுற்று. விரலால் இழுவையை உணர்ந்துதான் விட முடியும், கண்ணால் ஒன்றும் ஆகாது. ஃபெண்டரில் அபிகேல் இபார்ரா என்று ஒரு அம்மாள் 1956-இல் சேர்ந்து 2013 வரை இந்த வேலை செய்திருக்கிறார். அவர் கையால் சுற்றிய பிக்கப் என்று பெயர் சொல்லியே வாங்குகிறார்கள். உங்கம்மா பம்ப் கம்பெனியில் ஸ்டேட்டருக்குக் காயில் போட்ட காலத்தில் யார் பெயர் கேட்டார்கள்?

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பியதில் முதலாவது முழு அளவு ஹம்பக்கர். உன் பிக்கார்டில் (முன்பக்கத்து மூடித் தகடு) அதற்கு ஓட்டை இல்லை, அடியில் மரத்தையும் குடைய வேண்டியிருக்கலாம். வேண்டாம். மற்ற இரண்டும் சீமோர் டங்கன் கம்பெனியின் ஹாட் ரெயில்ஸ், லிட்டில் 59. இரண்டுமே உன்னிடம் இருக்கும் ஒற்றைக் காயில் (சிங்கிள் காயில்) பிக்கப்பின் இடத்திலேயே உட்காரும் ஹம்பக்கர்கள். ஹாட் ரெயில்ஸ் முரட்டுத்தனமானது. நீ வாசிப்பதற்கு லிட்டில் 59 போதும் என்பது என் அபிப்பிராயம். பிரிட்ஜுக்கு மட்டும் போடு. நெக் சத்தம் பிடித்திருக்கிறது என்று நீயே சொல்கிறாய், அதைத் தொடாதே. ஹம்பக்கருக்கு வழக்கமாக 500 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் போடுவார்கள். உன்னுடையதில் 250 இருக்கும், கூர்மையைக் கொஞ்சம் மழுக்கும். உனக்கு வேண்டியதும் அதுதானே, மாற்றாதே.

ஒன்றை மட்டும் யோசித்துக்கொள். ஸ்விட்சில் பிரிட்ஜும் நடுவும் சேரும் இடத்தில் இப்போது இரைச்சல் அடங்குகிறதா? அடங்கினால் உன் நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றியது. பிரிட்ஜில் ஹம்பக்கர் வந்ததும் அந்த இடத்தில் நடுப் பிக்கப்பின் இரைச்சல் தனியாகக் கேட்க ஆரம்பிக்கும். வேண்டாமென்றால் அந்த இடத்தில் ஹம்பக்கரின் ஒரு காயில் மட்டும் வேலை செய்யும்படி வயரிங் செய்ய வேண்டும். அதற்கு நான்கு வயர் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கு.

வயர் நிறத்தில் அவசரப்படாதே. சீமோர் டங்கனில் கருப்புதான் ஹாட், அதாவது சத்தம் வெளியே போகும் வயர். பச்சையும் மேலுறை இல்லாத கம்பியும் எர்த்துக்கு. சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்ற வேண்டும். டிமார்சியோ என்ற இன்னொரு கம்பெனியில் சிவப்பு ஹாட், கருப்பும் வெள்ளையும் சேரும். அவசரத்தில் கருப்பை எர்த்தில் வைத்துவிடாதே. போடும் முன் மீட்டரைக் குறைந்த டிசி வோல்ட்டில் வை. இரும்பு ஸ்க்ரூ டிரைவரைப் பிக்கப் முனையில் ஒட்டவைத்து வெடுக்கென்று எடு. முள் எந்தப் பக்கம் போகிறது என்று பார். நடுப் பிக்கப்பிலும் அதே பக்கம்தான் போக வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் இரண்டும் சேரும்போது சத்தம் டப்பாவுக்குள் இருந்து வருவது போல இருக்கும். கருப்பையும் பச்சையையும் மாற்றிக்கொள், மேலுறை இல்லாததை எர்த்திலேயே விடு.

கடைக்காரரிடம் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவை. வயரை வெட்டிவிட்டால் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள், அதனால் முழு நீளத்தோடு மாட்டிக் கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் வெட்டு. பிக்கார்டைக் கழற்றும்போது அடிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, சால்டர் அயர்னைச் சூடாக்கும் முன்னால். பழைய பிக்கப்பைத் தூக்கிப் போடாதே. வரும்போது கொண்டு வா, எத்தனை சுற்று போட்டிருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா