கேட்போர் வட்டம்: மூன்றாம் ஆண்டறிக்கை (2024 ஒக்ரோபர் – 2025 செப்டெம்பர்)

அன்பான உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் தொடங்கிய, போஸ்ட் றொக் போன்ற சோதனை இசையைச் சேர்ந்திருந்து கேட்கும் எங்கள் வட்டத்துக்கு மூன்று வயது முடிகிறது. இந்த ஆண்டு பதினொரு கூட்டங்கள் நடந்தன. பெப்ரவரிக் கூட்டம் மட்டும் நடக்கவில்லை, அந்த மாதம் கொட்டிய பனியில் வீதியோரம் காரை விட இடமே இருக்கவில்லை. போன ஆண்டு பதினொரு பேராக இருந்த நாங்கள் இப்போது பதினேழு பேர். புதிதாக வந்த ஆறு பேரில் நான்கு பேர் இந்த வகை இசையை முன்பு கேட்டதே இல்லாதவர்கள், எனக்கு மிகவும் சந்தோஷம் தந்த விஷயம் அதுதான்.

போன ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒன்று கேட்டேன், நினைவிருக்கும். நான் கொடுத்த நாற்பது அல்பங்களின் பட்டியலை எத்தனை பேர் கேட்டீர்கள் என்று. மூன்று பேர் கை உயர்த்தினீர்கள். அந்த மூன்று பேரும் ஒவ்வொன்றிலும் முதல் மூன்று நிமிடங்களைக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தீர்கள். அது உங்கள் குற்றமில்லை. இருபது நிமிடம் ஓடும் பாட்டில் முதல் மூன்று நிமிடம் என்பது வாசல்படி மட்டும்தான், வாசலில் நிற்கிறவருக்கு வீட்டைப் பற்றி என்ன தெரியும்? பட்டியல் கொடுப்பதும் பரிந்துரைப்பதும் ஒன்று என்று நான் நினைத்திருந்தேன். இந்த ஆண்டு செயற்குழு அதை மாற்றியது. ஒருவருக்கு ஒரு அல்பம், அதுவும் அவர் ஏற்கெனவே எதை விரும்பிக் கேட்கிறார், எந்த நேரத்தில் கேட்கிறார், எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியும் என்று கேட்டறிந்த பிறகு.

யாருக்கு எதைக் கொடுத்தேன் என்று சொல்வதற்கு முன், புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் இந்த இசையின் பெயரைப் பற்றிக் கொஞ்சம். போஸ்ட் றொக் என்ற சொல்லைப் பரவலாக்கியவர் சைமன் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய விமர்சகர், 1994 இல். றொக்கின் வாத்தியங்களை வைத்துக்கொண்டு றொக் செய்யாத வேலையைச் செய்வது, கிற்றாரை அதன் நாத நிறத்துக்காக வாசிப்பது, இதுதான் அவர் சொன்னதன் சாரம். இசை அந்தச் சொல்லுக்கு முன்பே இருந்தது. டோக் டோக் குழு 1988 இல் ஸ்பிரிட் ஒஃப் ஈடன் என்ற அல்பத்தையும், அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகர இளைஞர்கள் சேர்ந்த ஸ்லின்ட் குழு 1991 இல் ஸ்பைடர்லாண்ட் என்ற அல்பத்தையும் வெளியிட்டுவிட்டார்கள். எங்கள் வட்டத்தில் மெற்றல் என்ற கடும் சத்தமான றொக் இசை வாசிக்கும் தம்பிக்கு நான் கொடுத்தது இந்த ஸ்பைடர்லாண்டைத்தான். ஆறே பாட்டு, அதில் பெரும்பகுதி முணுமுணுப்பு. ஆனால் கடைசிப் பாட்டில் அந்த முணுமுணுப்பு ஓலமாக மாறும் இடம் வந்தபோது அவன் எழுந்து நின்றுவிட்டான், சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தால்தான் கூட்டும்போது அது சத்தம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்று பிறகு சொன்னான்.

இரவு வேலை செய்யும் தாதி அக்காவுக்கு ஐஸ்லாந்துக் குழு சிகுர் றோஸின் 2002 அல்பம். அதற்குப் பெயர் கிடையாது, இரண்டு அடைப்புக்குறிகள் மட்டும்தான். பாட்டுகளுக்கும் பெயர் இல்லை, கூட வரும் கையேட்டில் எழுத்தும் இல்லை, பாடகர் பாடுவதும் எந்த மொழியும் அல்ல. அவர் செலோ என்ற பெரிய வயலின் வகை வாத்தியத்தின் வில்லால் கிற்றாரை இழுத்து வாசிப்பவர். நடுவில் அரை நிமிடத்துக்கு மேல் முழு அமைதி. இரவெல்லாம் பிறெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நோயாளிகளோடு கதைத்துவிட்டு விடியற்காலை மெற்றோவில் வரும் அக்காவுக்கு மொழியே இல்லாத குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துத்தான் கொடுத்தேன். இப்போது அவ அதை வாரத்தில் நான்கு நாள் கேட்கிறா.

இனி எங்கள் ஊர்க் குழுவுக்கு வருகிறேன். கோட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் 1994 இல் இந்த நகரத்தில் உருவானது. அவர்களை வெளியிடும் கொன்ஸ்ரலேஷன் நிறுவனமும் இங்கேதான், 1997 இல் தொடங்கியது. குழுவில் சிலர் சேர்ந்து நடத்திய ஹொட்டேல் டூ டாங்கோ ஒலிப்பதிவுக்கூடம் மைல் எண்ட் பகுதியில். எங்கள் வீடுகளிலிருந்து நடந்தே போகலாம், இடையில் ரயில் பாதை. உலகமெங்கும் சனம் தேடிக் கேட்கும் இசை எங்கள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உருவாகியிருக்கிறது, இருபத்தைந்து வருடம் இந்தப் பக்கம் இருந்த எனக்கு அது தெரியாது. இதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

நவம்பர் கூட்டத்தில் அவர்களுடைய முதல் இசைத்தட்டு, எஃப் ஷார்ப் ஏ ஷார்ப் இன்ஃபினிட்டி. 1997 இல் முதலில் அச்சிட்டது 500 பிரதிகள், உறைகளைக் கையாலேயே தயாரித்தார்கள், உள்ளே ரயில் ஏறித் தட்டையான ஒரு சதக் குற்றி. பெயரில் இருக்கும் முடிவிலிக்குக் காரணம் இருக்கிறது: இரண்டாம் பக்கத்தின் முடிவில் ஊசி ஒரே வட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளும், கையால் எடுக்கும்வரை அந்த ஒலித்துண்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அன்று யாரும் எழுந்து போய் ஊசியை எடுக்கவில்லை. தேத்தண்ணி போட்டு, றோல்ஸ் சாப்பிட்டு, நாட்டுக் கதை கதைத்து முடிக்கும்வரை அது பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மூன்று வருடத்தில் எனக்கு மிகப் பிடித்த கூட்டம் அது.

ஜனவரியில் அதே குழுவின் 2000 ஆம் ஆண்டு இரட்டை அல்பம், லிஃப்ட் யுவர் ஸ்கின்னி ஃபிஸ்ற்ஸ் லைக் அன்டெனாஸ் டு ஹெவன். நான்கே உருப்படி, மொத்தம் 87 நிமிடம். எங்கள் மூத்த உறுப்பினர் ஐயா நல்லூர்த் திருவிழாவில் இரவிரவாக நாதஸ்வரக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர். கிற்றார் என்றாலே முகம் சுளிப்பார். முதல் உருப்படி 22 நிமிடம், மெதுவாக ஏறும், வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். முடிந்ததும் அவர் சொன்னது: "இவங்களுக்கு அவசரமே இல்லை தம்பி, நல்ல பிள்ளைகள்." ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இந்த நீளம் தடையே இல்லை. சொல்லில்லாத இசைக்குப் பொறுமை வேண்டும் என்று நான் இளையவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்க, அந்தப் பொறுமை எங்கள் வயதானவர்களிடம் தயாராக இருந்திருக்கிறது. அதனால் இனி பெற்றோரையும் கூட்டி வாருங்கள்.

மே மாதக் கூட்டம் அதே குழுவின் புதிய அல்பத்துக்கு. 2024 ஒக்ரோபரில் வந்தது. அதற்குப் பெயர் வைக்க மறுத்து, 2024 பெப்ரவரி 13 இல் 28,340 பேர் இறந்துவிட்டார்கள் என்ற கணக்கையே தலைப்பின் இடத்தில் போட்டிருக்கிறார்கள். காஸாவில் அன்றுவரை கொல்லப்பட்டவர்களாகச் சொல்லப்பட்ட தொகை அது. மே மாதம் எங்களுக்கு எப்படிப்பட்ட மாதம் என்று நான் எழுதத் தேவையில்லை. இறந்தவர்கள் எண்ணாக மாறுவதும், பிறகு அந்த எண்ணையே மற்றவர்கள் பேரம் பேசுவதும் எங்களுக்குத் தெரியும். கடைசி உருப்படியின் பெயர் சாம்பல் இடிபாடு, பச்சைத் துளிர் என்று பொருள்படும். முடிந்த பிறகு கலந்துரையாடல் வைக்கவில்லை. நிகழ்ச்சிக் குறிப்பில் "கலந்துரையாடல் இல்லை" என்றே பதிவு செய்திருக்கிறேன்.

மார்ச் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் அது சரியாக நடக்கவில்லை. டெரிக் பெய்லியைப் போட்டோம். ஷெஃபீல்டில் 1930 இல் பிறந்தவர், மெட்டையும் தாளத்தையும் பழகிய எல்லா நடையையும் விலக்கி கிற்றாரில் தன்னியல்பாக வாசித்தவர். நான் ஒரு விளக்கமும் கொடுக்காமல் நேரே தனிவாசிப்பைப் போட்டேன். பாதிப் பேர் இடையில் மேலே போய்விட்டார்கள், இரண்டு பேர் அதற்குப் பிறகு வரவேயில்லை. பெய்லியைக் கேட்க வைப்பதற்கு முன் ஒரு படி வேண்டும். அந்தப் படியை ஓகஸ்ட்டில்தான் கண்டுபிடித்தோம்: ஃபிரெட் ஃபிரித் என்ற கிற்றார் கலைஞரின் கிற்றார் சோலோஸ் அல்பம், 1974. கம்பிகளில் முதலைக் கிளிப் (மின்கம்பிகளைக் கவ்வும் பல்லுள்ள சிறு கிளிப்) மாட்டி வாசித்தவர் அவர். எங்கள் தம்பி தன் பழைய கிற்றாரைக் கொண்டுவந்தான், பிள்ளைகள் தலையில் குத்தும் கிளிப்புகளை மாட்டினோம், எல்லாரும் ஒவ்வொருவராகத் தட்டிப் பார்த்தோம். கிற்றாருக்குள் மணியும் தகரமும் உடுக்கும் இருப்பதைக் கையால் தொட்டு அறிந்த பிறகு அல்பத்தைப் போட்டால் ஒருவரும் அசையவில்லை. வராமல் விட்ட இருவரையும் நானே தொலைபேசியில் அழைத்தேன், ஒருவர் திரும்பி வந்துவிட்டார்.

ஜூலையில் தம்புராவில் தொடங்கினோம். ஐந்து நிமிடம் தம்புரா மட்டும், வேறெதுவும் இல்லை. சங்கீதம் படித்த அக்கா, எந்தக் கம்பியிலும் கட்டாமலே தானாக எழும் காந்தார சுரத்தை, சுயம்பு காந்தாரத்தை, காட்டித் தந்தா. உடனே அமெரிக்க இசையமைப்பாளர் றீஸ் சாதமின் கிற்றார் ட்ரியோ, 1977, நியூயோர்க். மின்கிற்றார்கள் ஒரே சுருதியில் அடித்துக்கொண்டே போக, மேலே மேலே உபசுரங்கள், அதாவது அந்தச் சுரத்துக்குள்ளிருந்து தாமாக ஒலிக்கும் மேல் சுரங்கள், எழும்பும். இரண்டுக்கும் உறவு இருக்கிறது. சாதம் பயின்றது லா மொன்ட் யங் என்ற இசையமைப்பாளரிடம், அந்த யங் 1970 இலிருந்து கிரானா கரானா என்ற ஹிந்துஸ்தானி இசை மரபின் பண்டிட் பிரான் நாத்திடம் சீடராக இருந்தவர். சாதமின் குழுவில் வாசித்தவர்களில் கிளென் பிராங்கா ஒருவர், பிராங்காவின் குழுவில் வாசித்தவர்கள் சிலர் பிறகு சோனிக் யூத் என்ற றொக் குழுவில். கம்பியை இழுத்துக் கட்டி அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று காத்திருந்து கேட்பது இந்தக் கைகளில் எல்லாம் தொடர்ந்து வந்திருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. ஜூனில் ஏழு பேர் சென் லொறோன் தெருவில் ஒரு சின்ன மண்டபத்துக்கு நேரடி நிகழ்ச்சி பார்க்கப் போனோம், எல்லாருக்கும் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தோம். இதை வளர்ந்த பிள்ளைகள் பகிடியாக எடுக்கக் கூடாது, காதுக்குள் ஒருமுறை இரைச்சல் குடியேறினால் அது போகாமலே இருந்துவிடலாம். ஒரு கடையிலிருந்து வரவழைத்த இசைத்தட்டு வளைந்து வந்தது, அவர்கள் பணம் திருப்பவில்லை, இனி நேரே போய்ப் பார்த்து வாங்குவோம். புதிய மண்டபம் தேடினோம், இரண்டு இடத்தில் "சத்தம்" என்று மறுத்துவிட்டார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பா. சந்தா 1,020 டொலர். பழைய இசைத்தட்டுகள் 412, ஒலிபெருக்கி திருத்தம் 185, தேத்தண்ணியும் சிற்றுண்டியும் 260, காதடைப்பான் 38, மொத்தச் செலவு 895. போன ஆண்டு மிச்சம் 64 டொலரோடு கையிருப்பு 189. வீட்டைத் திறந்துவிட்டு ஒரு சதமும் வாங்காத குடும்பத்துக்கு எங்கள் எல்லாருடைய நன்றி, அவர்களுடைய கைக்குழந்தை ஸ்கொட்லாந்துக் குழு மொக்வாய் ஜனவரியில் வெளியிட்ட அல்பத்தை முழுதாகத் தூங்கியபடி கேட்டது.

அடுத்த கூட்டம் ஒக்ரோபர் 25, சனிக்கிழமை மாலை 5 மணி. டோக் டோக்கின் லாஃபிங் ஸ்டொக், 1991. முன்கூட்டியே கேட்டுவிட்டு வராதீர்கள். கைத்தொலைபேசிகள் வழமைபோல மேலே கூடைக்குள். ஒவ்வொருவரும் இந்த ஆண்டு ஒரு அல்பத்தைக் கொடுக்க நினைக்கும் ஒரே ஒரு ஆளை யோசித்துக்கொண்டு வாருங்கள், ஏன் அவருக்கு அது என்பதையும்.

இங்ஙனம்,
செயலாளர்