அந்த சைலன்சர் விஷயமா

கண்ணு,

நீ அனுப்புன போட்டோ பார்த்தேன். ராத்திரி 2.40க்கு அனுப்பியிருக்க, நான் காலைல பால் வாங்கப் போறப்ப தான் பார்த்தேன். அந்நேரத்துல முழிச்சிருந்து என்ன பண்றேன்னு கேக்கல, ஆபீஸ் வேலையா இருக்கும். மூணு வாரமா போன் இல்ல, திடீர்னு டிக்கி பக்கம் நின்னு எடுத்த ஒரு போட்டோ, பம்பருக்குக் கீழ புது பைப் சாய்ச்சு வெச்சிருக்கு, "304 தானாப்பா, 48 ஆயிரம் கேக்கறாங்க, போடலாமா"ன்னு ஒரு வரி. அதுக்காவது அப்பன் ஞாபகம் வந்துச்சே. உருக்காலைல கோல்ட் ரோலிங் மில்லுல அத்தன வருஷம் நின்னவன்கிட்ட கேட்டது சரி தான், சொல்றேன்.

304ங்கறது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல ஒரு ரகம், அதத் தான் கிரேடுன்னு சொல்றது. போட்டோவ வெச்சு எவனும் கிரேடு சொல்ல முடியாது. காந்தம் வெச்சுப் பாரு. கம்பெனி சைலன்சர் பெரும்பாலும் 409 ஜாதி, நிக்கல் கிடையாது, காந்தம் கப்புன்னு ஒட்டும், மேல பழுப்பா துரு வரும் ஆனா சீக்கிரம் ஓட்டை விழாது. 304ல 18 சதவீதம் குரோமியம் 8 சதவீதம் நிக்கல், காந்தம் ஒட்டாது. ஆனா வளைச்ச எடத்துல 304ம் லேசா இழுக்கும், அதனால நேரா இருக்கற எடத்துல வெச்சுப் பாரு. அதுலயும் ஒரு ஏமாத்து இருக்கு, 201ங்கற மட்டமான ரகமும் ஒட்டாது, விலை கம்மி, அத 304ன்னு தலையில கட்டறவன் உண்டு, ரெண்டு மழை பாத்தா பல்ல இளிச்சிரும். பில்லுல கிரேடு எழுதிக் கொடுன்னு கேளு, தயங்குனா வந்துரு.

அது பைப்போட கதை. 48 ஆயிரத்துக்கு தகுமான்னு கேட்டா, எனக்கு மனசு ஒப்பல. உன் வண்டி 1.2 லிட்டர், டர்போ இல்ல, 90 குதிரை. பின்னாடி பைப்பையும் சத்தத்த அடக்கற மஃப்ளரையும் மட்டும் மாத்துனா ரெண்டு மூணு குதிரை கூடுனாலே பெரிசு, அது ஏசிய அணைச்சாலே கிடைக்கும். டர்போ வண்டின்னா வேற, டர்போவ ஒட்டி வர்ற டவுன்பைப்ப மாத்தி, இன்ஜின் கம்ப்யூட்டர்ல செட்டிங்க மாத்தற ரீமேப்பும் பண்ணா நெஜமாவே இழுக்கும். உனக்கு வரப்போறது சத்தம். இருக்கறதவிட ரொம்ப அகலமா பைப் போட்டா புகை போற வேகம் கொறைஞ்சு கீழ் ஆர்பிஎம்ல இழுவை செத்துப் போகும், அப்புறம் ஏற்காடு ஏறுறப்ப இருவது கொண்டை ஊசியிலயும் ரெண்டாம் கியர்ல முனகிக்கிட்டு போ.

புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டர்ல மட்டும் கை வெக்க விடாத. உள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கு, கழட்டறவன் அத வித்துக் காசு பாப்பான், உனக்கு செக் இன்ஜின் லைட்டு தான் மிச்சம். சட்டமும் 2019க்கு அப்புறம் பழைய மாதிரி இல்ல, சத்தத்துக்கு மொத தடவையே 10,000 வரைக்கும் போடலாம், லைசென்ஸ் 3 மாசம் போகும், வண்டிய மாத்துனதுக்கு தனியா ஒரு மாத்தத்துக்கு 5,000.

வெல்டிங் எப்படி இருக்குன்னு போட்டோவ பெருசு பண்ணிப் பார்த்தேன். அப்பதான் பின் கண்ணாடி வழியா உள்ள தெரிஞ்சுது. பாப்பா சீட்டக் காணோம். கழுவ எடுத்து வெச்சிருப்ப.

அம்மா நல்லா இருக்கா, முட்டி தான் வழக்கம் போல. குகை ஏரியா மாமா வந்து அதே கதைய சொல்லிட்டுப் போனாரு. அம்மா அந்தப் புள்ளைக்கு நாலு தடவ போன் போட்டா, எடுக்கல, அப்புறம் "தருமபுரில இருக்கேன் அத்தை, பேசறேன்"னு மெசேஜ் வந்துச்சு. இன்னும் பேசல. வேலையா இருக்கும்.

உன்ன கஞ்சத்தனம் பண்ணச் சொல்லல. உன் காசு, உன் உழைப்பு, நீ வண்டி எடுத்தப்ப பழைய பிளான்ட் ஆளுங்ககிட்ட எல்லாம் நான் தான் போட்டோ காட்டிட்டு திரிஞ்சேன். ஆனா 48 ஆயிரம். அந்த மஃப்ளர் பின் சீட்டுக்கு அடுத்தாப்ல தான் தொங்குது, ஹைவேல ஒரே வேகத்துல போறப்ப ஒரு ரீங்காரம் வரும் பாரு, காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி, பெரியவங்களே அரை மணி நேரம் தாங்க மாட்டாங்க, பின்னாடி தூங்கற கொழந்தை என்ன பண்ணும். பின்னாடி கொழந்தை தூங்கும்னு வெச்சுக்கிட்டு தான் சொல்றேன்.

உங்கிட்ட சொல்லாத ஒண்ணு இருக்கு. நீ பொறந்து ஏழு மாசத்துல அம்மா உன்னத் தூக்கிக்கிட்டு ஆத்தூர் போயிட்டா. பாட்டி பேசுன பேச்சு தான், உனக்குத் தெரியும் பாட்டிய. அன்னிக்கு நான் அங்கயே தான் உக்காந்திருந்தேன், சோத்தப் பெசஞ்சுக்கிட்டு, வாயத் தொறக்கல. போனவள கூப்பிடப் போனா தோத்த மாதிரின்னு நெனப்பு. அந்த நாலு மாசமும் ஷிப்ட் முடிஞ்சா என் யெஸ்டி பைக் தான். ரெண்டு சைலன்சர்லயும் உள்ள இருந்த குழாய உருவிட்டேன். ராத்திரி அடிவாரத்துல இருந்து ஏற்காடு ஏறுவேன், மலையே அதிரும், என் தலைக்குள்ள வேற எந்தச் சத்தமும் கேக்காது. டூ ஸ்ட்ரோக்குல சைலன்சர் தான் பாதி இன்ஜின்னு அப்ப தெரியல, பவர் போச்சு, மைலேஜ் போச்சு, சத்தம் இருந்ததால வேகமா போறதா நெனச்சுக்கிட்டேன். கடைசியில ஆத்தூர் தாத்தா தான் பஸ்ஸுல உங்க ரெண்டு பேரையும் கொண்டாந்து விட்டாரு. நான் வண்டிய வாசல்ல நிறுத்துன சத்தத்துக்கு நீ வீல்னு அழுத, தூக்க வந்தா எங்கிட்ட வரல. தாத்தா ஒரு வார்த்த கேக்கல, காப்பி குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல போயிட்டாரு. அவர் சாகற வரைக்கும் நானும் அதப்பத்தி எதுவும் சொல்லல.

ஆத்தூர் போக அப்ப ரெண்டு மணி நேரம் கூட ஆகாது கண்ணு. உனக்கு தருமபுரி என்ன பெரிய தூரம்.

நாளைக்கு பெங்களூர் பஸ்ஸுல மல்கோவா ஒரு பொட்டி போட்டு விடறேன், பாதி தான் பழுத்திருக்கு, வைக்கோல எடுக்காம வை, நீ ஒருத்தனா தின்னு தீர்க்க முடியாது. பைப்புக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தா போகட்டும் விடு. சைலன்சர போட்டோ எடுத்த மாதிரி, ஞாயித்துக்கெழம பின் சீட்ட ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அப்பா