கீவேர்டுன்னா டூல் காட்டுற நம்பர் மட்டும் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுசா வெப்சைட் ஆரம்பிக்கிறவங்களுக்கு யோசனை சொல்ற கட்டுரை எதுல வந்தாலும் "கீவேர்டு ரிசர்ச் பண்ணுங்க"ன்னு, அதாவது ஜனங்க கூகுள்ல என்ன வார்த்தை போட்டு தேடுறாங்கன்னு பாருங்கன்னு ஒரு வரி இருக்கும், எப்படி பண்றதுன்னு மட்டும் இருக்காது. அந்த ஒரு வரிய நம்பி ஒன்றரை வருஷம் வீணா போனவன் நான், அதனாலதான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமா போனாலும் போடுங்க.

நான் தையல் மெஷின் ரிப்பேர் பத்தி தமிழ்ல ஒரு சைட் நடத்துறேன். ஆரம்பத்துல ஒருத்தர்கிட்ட காசு குடுத்து எஸ்இஓ, அதாவது கூகுள் தேடல்ல சைட் மேல வர்ற மாதிரி செய்யுற வேலைய பண்ணச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தைய மாசத்துக்கு சுமாரா எத்தன தடவ தேடுறாங்கன்னு காட்டுற கூகுள் கீவேர்டு பிளானர்ல இருந்து பெரிய பெரிய நம்பர் உள்ள வார்த்தைகளா எடுத்து ஒரு ஷீட் போட்டுக் குடுத்தார், "தையல் மெஷின்"ங்கிறத ஒவ்வொரு பாராவுலயும் நாலு தடவ வர்ற மாதிரி திருத்தினார், பக்கத்தோட கோடுக்குள்ள படிக்கிறவங்க கண்ணுக்கு தெரியாம இருக்கிற மெட்டா கீவேர்டு டேக்லயும் அம்பது வார்த்தைய அடைச்சு வச்சார். எந்தப் பக்கம் மேல வரணும்னு முடிவு பண்ண அந்த டேக்க பாக்குறதே இல்லன்னு கூகுள் 2009லயே வெளிப்படையா சொல்லியாச்சு. ஒரே வார்த்தைய திரும்பத் திரும்ப திணிக்கிறது ஸ்பாம்னு அவங்க விதியிலயே இருக்கு. இது எனக்கு அப்ப தெரியாது, தெரிஞ்சிருந்தா அந்தப் பக்கங்கள நானே படிக்க முடியாத அளவுக்கு கெட்டுப்போக விட்டிருக்க மாட்டேன்.

அந்த ஷீட்ல "போட்டி: குறைவு"ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதப் பாத்து ஈசியா முதல் பக்கத்துக்கு வந்துடலாம்னு நெனச்சேன். அது விளம்பரம் குடுக்கிறவங்களுக்குள்ள இருக்கிற போட்டிங்க, காசு குடுக்காம சர்ச்ல மேல வர்றதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பிளானரே விளம்பரம் குடுக்கிறவங்களுக்காக செஞ்ச டூல்தான். இது தெரியாம ஏமாந்தவங்க நெறைய பேர் இருப்பாங்கன்னு நெனக்கிறேன், அதனாலயே இத அழுத்தி சொல்றேன்.

எனக்கு கண்ணத் தொறந்து விட்டது சைட் நடத்துறவங்களுக்கு கூகுள் குடுக்குற சர்ச் கன்சோல்ங்கிற டூல். காசு கிடையாது, நம்ம சைட்ட சேத்துட்டா எந்தெந்த தேடல்ல நம்ம பக்கம் வந்துச்சு, எத்தன தடவ கண்ணுல பட்டுச்சு, எத்தன பேர் உள்ள வந்தாங்க, சராசரியா எத்தனாவது இடம்னு 16 மாசத்துக்கு பின்னாடி வரைக்கும் காட்டும். ரொம்ப அபூர்வமான தேடல்கள யார்னு தெரிஞ்சிடக் கூடாதுன்னு மறைச்சிடுவாங்க, மத்தது இருக்கும். ஒரு நாள் ராத்திரி உக்காந்து அந்த லிஸ்ட்ட மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சேன். நான் "நூல் இழுவிசையைச் சரிசெய்தல்"னு தலைப்பு வச்சு எழுதி வச்சிருக்கேன், அங்க ஜனங்க என்ன டைப் பண்றாங்கன்னா "தைக்கும்போது நூல் அடிக்கடி அறுந்து போகுது", "அடி நூல் மேல வரல", "தையல் விட்டு விட்டு விழுது". இழுவிசைன்னு ஒருத்தர் கூட தேடல. பாதிப் பேர் தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிறாங்க, அதுலயும் ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங். மெஷின் நின்னு போயி துணி பாதில மாட்டிக்கிட்டு இருக்கும்போது போன்ல அடிக்கிறவங்க வேற எப்படி அடிப்பாங்க, சொல்லுங்க? கோளாறோட பேர் தெரிஞ்சா அவங்க ஏன் தேடப் போறாங்க, கண்ணுக்கு தெரியுறத தான அடிப்பாங்க.

தலைப்ப அவங்க வார்த்தையிலயே மாத்துனேன், முதல் பாராவுலயே மேல் நூல் டென்ஷன் அதிகமா இருக்கா, ஊசி வளைஞ்சிருக்கா, அடி நூல் சுத்துற பாபின் சரியா உக்காந்திருக்கான்னு பதில வச்சேன். அதே பிரச்சனைக்கு வேற வேற வார்த்தையில நாலு பக்கம் போட்டு வச்சிருந்தேன், ஒண்ணோட ஒண்ணு மோதி எதுவும் மேல வராம கெடந்துச்சு, நாலையும் ஒண்ணா சேத்து பழைய லிங்க்க எல்லாம் அந்தப் பக்கத்துக்கே திருப்பி விட்டேன். உடனே வரல, சில வாரம் ஆச்சு, அப்புறம் ஆள் வர ஆரம்பிச்சாங்க, வந்தவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டு சந்தேகமும் கேக்குறாங்க.

இன்னொண்ணு, ஒரு வார்த்தைய எடுத்துக்கிறதுக்கு முன்னாடி அத நீங்களே ஒரு தடவ தேடிப் பாருங்க. "தையல் மெஷின்"னு மட்டும் தேடுனா வர்றது பூரா விக்கிற பக்கம், அங்க ரிப்பேர் கட்டுரைய கொண்டு போயி வச்சா யார் பாப்பா? தேடுறவங்க வாங்க வந்திருக்காங்களா, தெரிஞ்சுக்க வந்திருக்காங்களா, ஒரு குறிப்பிட்ட சைட்டுக்கு போக வந்திருக்காங்களான்னு பிரிச்சுப் பாக்கணும்னு இணையத் தேடல ஆராய்ச்சி பண்ண ஆண்ட்ரே ப்ரோடர் 2002லயே எழுதிட்டார். அத விட்டுட்டு நம்பர மட்டும் பாத்து ஓடுறோம்.

நம்பர் சைபர்னு காட்டுனா விட்டுடணும்னும் சொல்றாங்க, அதையும் நான் ஒத்துக்க மாட்டேன். தினமும் வர்ற தேடல்கள்ல சுமார் 15 சதவீதம் இதுக்கு முன்னாடி யாருமே தேடாததுன்னு கூகுளே சொல்லியிருக்கு, அப்போ எந்த டூல்ல அதுக்கு நம்பர் இருக்கும்? தமிழ்ல எழுதுற நமக்கு இது இன்னும் முக்கியம், ஒரே வினைச்சொல்ல போகுது, போவுது, போகிறதுன்னு எத்தன விதமா அடிக்கிறோம், டூல் அத தனித்தனியா எண்ணுனா ஒவ்வொண்ணும் கம்மின்னு தான் காட்டும்.

அதனால அடுத்த தடவ உங்க பேப்பர்ல இத பத்தி போடும்போது, டூல் பேரா அடுக்காம, சர்ச் கன்சோல் லிஸ்ட்ட எப்படி படிக்கணும்னு ஒரு ஸ்க்ரீன்ஷாட் போட்டு விளக்கச் சொல்லுங்க, ஆள் வச்சு பண்ண காசில்லாதவங்களுக்கு அது ஒண்ணே போதும்.

நேத்து என் லிஸ்ட்ல புதுசா ஒண்ணு பாத்தேன், "துணி நகர மாட்டேங்குது ஒரே எடத்துல தைக்குது". ரெண்டு தடவ தான் கண்ணுல பட்டிருக்கு, யாரும் கிளிக் பண்ணல, எப்படி பண்ணுவாங்க, துணிய நகத்துற பல்லு பத்தி என் சைட்ல ஒரு வரி கூட கெடையாது. இந்த லெட்டர அனுப்பிட்டு அதத்தான் எழுத உக்காரப் போறேன்.

இப்படிக்கு,
தையல் மெஷின் சைட் நடத்தும் உங்கள் வாசகர்