ஹந்தரின் மலைச் சண்டை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மூட்டுவலியைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு குர்திஸ்தானில் அலைந்துகொண்டிருக்கிறேன்!

1966 மே மாதம் வடக்கு ஈராக்கில், ஹந்தரின் மலையில் நடந்த சண்டையைத்தான் படித்து வருகிறேன். ரவாந்துஸ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த மலை. அருகிலேயே ஸோஸிக் மலை. அந்தப் பக்கமாகத்தான் ஈரான் எல்லைக்குச் சாலை போகிறது. 1928க்கும் 1932க்கும் இடையில் ஹாமில்டன் என்ற நியூசிலாந்துப் பொறியாளர் பாறைகளை உடைத்துப் போட்ட சாலை. ஈராக் அரசை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த குர்துத் தலைவர் முஸ்தபா பர்ஸானியின் ஆட்களுக்கு ஈரானின் உதவி வந்த முக்கிய வழியும் அதுதான். இரண்டு மலைகளையும் பிடித்தால் சாலை கைக்கு வரும், கிளர்ச்சிப் பகுதி இரண்டு துண்டாகும் என்று பாக்தாத் கணக்குப் போட்டது. ஆனால் மலையேறிய படைப்பிரிவைப் பெஷ்மெர்காக்கள், அதாவது குர்துப் போராளிகள், சிதறடித்துவிட்டார்கள். ஈராக் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். உனக்குப் பிடித்த செய்தி ஒன்று: அங்கே குர்துகளோடு ஈராக் கம்யூனிஸ்டுகளும் நின்று சண்டை போட்டார்கள். கூடவே பிடிக்காத செய்தியும் உண்டு, திட்டத்தில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று இஸ்ரேல் தரப்பு சொல்லிக்கொள்கிறது.

சரி, அப்புறம் என்ன ஆனது? ஜூன் 29ஆம் தேதி ஈராக் பிரதமர் பஸ்ஸாஸ் 12 அம்சத் திட்டம் ஒன்றை அறிவித்தார். குர்து மொழிக்கு அங்கீகாரம், பொது மன்னிப்பு எல்லாம் அதில் இருந்தன. அவர் ராணுவத்துக்காரர் இல்லை. அதிகாரிகளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஆகஸ்டிலேயே பதவியை விட்டார். திட்டம் காகிதத்தோடு நின்றுபோனது.

"மலை யார் கையிலோ, புரட்சி அவர் கையில்" என்று கல்லூரியில் நீ சத்தம் போடுவாயே, அதில்தான் எனக்கு இப்போது சந்தேகம். 1975 மார்ச்சில் அல்ஜியர்ஸில் ஈரான் மன்னர் ஷாவும் ஈராக்கின் சதாம் உசேனும் எல்லைத் தகராறைத் தீர்த்துக்கொண்டார்கள். உதவியை ஷா நிறுத்தினார். சில வாரங்களில் பர்ஸானியின் இயக்கம் உடைந்தது. ஏராளமான குர்துகள் அகதிகளாக ஈரானுக்குள் போனார்கள். அந்தச் சாலையின் மறுமுனை ஷாவிடம் இருந்தது, ஹந்தரினை வென்றவர்களிடம் இல்லை.

நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். பதிலை எழுதி அனுப்பு, இல்லாவிட்டால் பொங்கலுக்கு நேரிலேயே வந்து திட்டு. பேத்தியையும் கூட்டி வா.

உன்,
பழைய அறைத்தோழன்